எண்பது – இருபது சார்

மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய எந்தச் சந்தை எடுத்துக்கொண்டாலும் அவர் ஒருவர் அங்கே உண்டு. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்; ஓய்ந்தவர் இல்லை. காலை ஏழரைக்கு மஞ்சள் பையோடு இறங்கினார் என்றால் அரை கிலோ துவரம்பருப்பு, பேன்ட்டுக்கு ஒரு ஜிப், குக்கருக்குக் காஸ்கெட் வாங்கிக்கொண்டு திரும்பப் பதினொரு மணி ஆகும். மூன்றும் மூன்று திசையில். மூன்றையும் ஒரே இடத்தில் விற்பவனை அவர் கடைக்காரனாகவே ஒப்புக்கொள்வதில்லை.

வெளியூர் விருந்தாளிகள் காளத்தி கடை ரோஸ்மில்க், ராயர் மெஸ் இட்லி, ஜன்னல் கடை பஜ்ஜி என்று செல்போனில் பட்டியலோடு வந்தால் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். "எல்லாம் நல்ல இடம்தான். ஆனா எல்லாருக்கும் தெரிஞ்சுடுத்தே!" என்பார். அவர் அங்கீகரிக்கும் கடைக்குப் போர்டு இருக்கக் கூடாது. இருந்தால் எழுத்தாவது அழிந்திருக்க வேண்டும். வழி கேட்டால், "காமதேனு தியேட்டர் தெரியுமோல்லியோ, அங்கேர்ந்து நேரா..." என்று ஆரம்பிப்பார். அங்கே படம் ஓடுவது நின்று எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. போதாக்குறைக்கு மெட்ரோ ரயில்காரர்கள் லஸ் முனையைத் தோண்டி, தகரம் அடித்து, போக்குவரத்தைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். அவர் சொல்லும் வழியோ தகரத்தைத் துளைத்துக்கொண்டு நேராகவே போகும்.

நீங்கள் கையில் பையோடு எதிரே வந்தால் முகத்தைப் பார்க்க மாட்டார், பையைப் பார்ப்பார். என்ன விலை சொன்னாலும் ஒரு 'உச்சு' நிச்சயம். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதா? மந்தைவெளியில பத்து ரூபா கம்மி. நான் சொன்னேன்னு சொல்லுங்கோ." மந்தைவெளி போய்வர ஆட்டோவுக்கு ஆகும் செலவு இந்தக் கணக்கில் வராது. அவர் நடப்பவர். கால் வலிக்கு இன்னும் யாரும் பில் போட ஆரம்பிக்கவில்லை.

மாவு மில்லில் அவரைப் பார்க்க வேண்டும். கோதுமைத் தூக்கை வரிசையில் வைத்துவிட்டு முதலில் கேட்பது, "கடைசியா என்ன அரைச்சே?" மிளகாய் என்று பதில் வந்துவிட்டால் மனிதர் திடீரென்று தர்மவான் ஆகிவிடுவார். பின்னால் நிற்கும் அம்மாவிடம், "உங்களுக்கு அவசரம் போலிருக்கே, நீங்க முந்திக்கோங்கோ" என்று இடம் விடுவார். அந்த அம்மாளும் நன்றியோடு தன் அரிசியைக் கொட்டுவாள். மிஷினில் ஒட்டியிருந்த காரமெல்லாம் அவள் வீட்டு இடியாப்பத்துக்குப் போய்ச் சேரும். அடுத்தபடியாக, சுத்தமான மிஷினில், இவருடைய கோதுமை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, உள்ளங்கையில் ஒரு சிட்டிகை மாவை வாங்கி, விரலால் நெருடிப் பார்த்து, "இன்னும் ஒரு ஓட்டு" என்பார்.

காபிக்கொட்டைக் கடையில் இதைவிடக் கெடுபிடி. பீபெரி பாதி, பிளான்டேஷன் ஏ பாதி, எண்பதுக்கு இருபது சிக்கரி. சட்டம் 49 சதவீதம் வரை சிக்கரிக்கு இடம் கொடுக்கிறது. அவருடைய தர்மம் இருபதோடு நின்றுவிடும். தராசில் சிக்கரி விழும்போது மூச்சை அடக்கிக்கொண்டு முள்ளைப் பார்ப்பார். டிஜிட்டல் தராசு வந்து முள் போய்விட்ட பிறகும் முள் இருந்த இடத்தைத்தான் பார்க்கிறார். அரைத்த பொடியின் சூடு ஆறுகிற வரை பொட்டலத்தை மடிக்க விடமாட்டார். பத்து நிமிஷத்தில் மளிகை கொண்டுவரும் ஆப்களைப் பற்றி அவருக்கு ஒரே கேள்விதான்: "பத்து நிமிஷத்துல வர்றதுன்னா, அது அரைச்சு எத்தனை மாசம் ஆச்சு?"

"வாங்க சார், எப்பவும் போலத்தானே?" என்று கடைக்காரர் கேட்கும் அந்த ஒரு கேள்விக்காகத்தான் இத்தனை நடையும் என்பது என் சந்தேகம். பத்து ரூபாய் மிச்சம் என்பது வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிக்கொள்ள.

'நான் சொன்னேன்னு சொல்லுங்கோ' என்பதில் ஒரு சிக்கல் உண்டு. அந்த 'நான்' யார் என்று ஒரு கடையிலும் தெரியாது. பெயரைச் சொன்னால் விழிப்பார்கள். உயரம், நடை, மஞ்சள் பை என்று அடையாளம் சொன்னால்தான் முகம் மலரும். மில்லில் அவர் 'இன்னொரு ஓட்டு சார்'. இஸ்திரி வண்டியில் 'தண்ணி தெளிக்காத வேட்டி'. நாட்டு மருந்துக் கடையில் 'கண்டந்திப்பிலி ஐம்பது கிராம்'. காபிக் கடையில் 'எண்பது–இருபது'.

போன தீபாவளிக்கு முன்னால் கூரியர் பையன் ஒருவன் அவருக்கு வந்த பார்சலை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக அலைந்தான். கதவு எண்ணில் பழசு புதுசு குழப்பம். போனில் இவரைப் பிடிக்க முடியவில்லை. பெயரைச் சொல்லி அண்ணாச்சி கடையில் கேட்டான், மில்லில் கேட்டான், இஸ்திரி வண்டியில் கேட்டான். "அப்படி யாரும் இந்தப் பக்கம் இல்லையேப்பா" என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். கடைசியில் காபிக் கடைக்காரர்தான் இரக்கப்பட்டு, "யாராவது தேடிக்கிட்டு வந்தா கொடுத்துடறேன்" என்று வாங்கி வைத்தார்.

விஷயம் தெரிந்து அவர் கொதித்துப்போனார். முப்பது வருஷ வாடிக்கை! கடை கடையாக ஏறி, தன் பெயரை இனிஷியலோடு சொல்லிவிட்டு, கடைசியாகக் காபிக் கடைக்கு வந்து சேர்ந்தார். "ஐயோ, உங்க பேரா சார் இது? முன்னாடியே தெரியாமப் போச்சே" என்று கடைக்காரர் கல்லாவுக்கு அடியிலிருந்து பார்சலை எடுத்து மேஜைமேல் வைத்தார். பெட்டி மூலையில் லேசாகக் கிழிந்திருந்தது. பெங்களூரிலிருந்து மகள் அனுப்பியது என்பது மேலே எழுதியிருந்த விலாசத்தில் தெரிந்தது. உள்ளே இருப்பது காபிப்பொடி என்பது அதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. அவர் வாயைத் திறப்பதற்குள் கடைக்காரர் குனிந்து ஒருமுறை மோந்து பார்த்தார்.

"சிக்கரி கொஞ்சம் தூக்கலா இருக்கும் போலிருக்கே, சார்."