வின்சென்ட்டு மருமகனுக்கு நாலு புத்தி

ஏ மருமகனே, வான்கோ வீட்டு வின்சென்ட்டு, கொஞ்சம் நில்லுய்யா. படம் வரையுற ஸ்டாண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு உச்சி வெயில்ல எங்க கெளம்பிட்ட?

ஹாலந்துல பொறந்த. பாரீசுல தம்பி தியோ வீட்டுல ரெண்டு வருசம் ஒக்காந்து தின்ன. அதோட விட்டியா? தெக்க போனா வெளிச்சம் நல்லாயிருக்கும்னு 1888 பிப்ரவரியில ஆர்ல் ஊருக்கு ரயிலேறுன. எறங்கிப் பாத்தா ஊரே பனி மூடிக் கெடக்கு. புத்தியுள்ளவன் அடுத்த ரயிலைப் பிடிச்சிருப்பான். நீ தோட்டம் பூக்கிற வரைக்கும் காத்துக் கெடந்து, பூத்ததும் மரம் மரமா வரைய ஆரம்பிச்சிட்ட.

அந்த ஊரு மிஸ்ட்ரால் காத்து லேசுப்பட்டதா? அவனவன் கதவைச் சாத்திட்டுப் படுத்துக்கிடுதான். நீ என்னடான்னா ஸ்டாண்டுக் காலு பக்கத்துல இரும்பு முளையை அடிச்சு, சண்டி மாட்டைக் கட்டுற மாதிரி கயித்தால கட்டிப் போட்டுட்டு வரையுற. ஒண்ணு மட்டும் ஒத்துக்கிடுதேன். அந்த ஊரு நாணலை வெட்டி, பேனாவாச் சீவி, மையில முக்கிப் புள்ளியும் கோடுமா வயக்காட்டையே காகிதத்துல எறக்குன பாரு, அது வேலை! நீ காசு குடுக்காம வாங்குன சரக்கும் அந்த நாணல் ஒண்ணுதான்.

நீ மொதல்ல தங்குன விடுதிக்காரன், உன் படம் எடத்தை அடைக்குன்னு கூடக் காசு கேட்டான். நீ வழக்குக்குப் போயி 12 பிராங்கு கொறைச்சிட்டு வந்த. பரவால்ல, பொழைச்சுக்கிடுவான்னு நெனச்சேன். மாசம் 15 பிராங்குக்கு மஞ்ச வீட்டைப் பிடிச்ச, அதுவும் சரி. மே மாசம் பிடிச்ச வீட்டுக்குச் செப்டம்பர்ல குடி போறவனை நான் பாத்ததில்ல. போறவன் ஒத்தை ஆளு, வாங்குனது 12 நாற்காலி! யாரு வந்து ஒக்காரப் போறான்னு கேட்டா, ஓவியன்மாரெல்லாம் வருவானுகளாம்.

வந்தது ஒருத்தர், கோகன். அவர் ரூம்புல மாட்டத்தான் ஆகஸ்டுல சூரியகாந்தியா வரைஞ்சு தள்ளுன. அவர் வாரதுக்கு முந்தி நாலு நாள் 23 காப்பியிலயும் கடன் ரொட்டியிலயும் ஓட்டுன. பெயின்டுக்குக் காசு இருக்கு, வயித்துக்கு இல்ல! தபால்கார ரூலின் நீ படம் வரைய உக்காந்து கொடுத்தாரு, கூலியே வேணாம்னுட்டாரு. சாப்பாட்டுலயும் குடியிலயும் கூலிக்கு மேலயே போச்சுன்னு நீயே பொலம்புன.

சமையல் கோகன் பாத்தாரு, சாமான் நீ வாங்குன. ஒருநாள் நான் சூப்பு வைக்கேன்னு எறங்குன. பெயின்டு கலக்குற மாதிரியே கலக்கிட்டான், வாயில வைக்க முடியலன்னு அந்த மனுசன் எழுதி வச்சிட்டுப் போயிருக்காரு. டிசம்பர்ல நீ உன் காதை அறுத்துக்கிட்ட சமாச்சாரம் நமக்கு வேண்டாம்; அதைப் பேசத்தான் ஊரு ஒலகமே இருக்கே.

நீ வரைஞ்சு தள்ளுனதுல, ஆர்ல்ல போட்ட அந்தச் செவப்புத் திராட்சைத் தோட்டம் 1890-ல பிரசல்ஸ்ல 400 பிராங்குக்குப் போச்சு. வாங்குன அன்னா போக் அம்மாவும் படம் வரையுறவதான். தியோவுக்குத் தொழிலே பாரீசுல படம் விக்கிறது, அவனால உன் படத்தைத் தள்ள முடியல.

சொல்லுதேன்னு கோவிச்சுக்கிடாத மருமகனே. அந்த 400-ஐ அப்படியே உனக்குச் சோறு போட்ட தியோ கையில குடுத்துரு. பெயின்டுக் கடைப் பக்கம் மட்டும் போயிராத.