குசேலருக்குக் கிடைத்த கலாநிதி

மயிலாப்பூரில் ஒருவரைப் பெரிய வித்வான் என்று ஒப்புக்கொள்ள வேண்டுமானால், முதலில் அவருக்கு எண்பது வயதாக வேண்டும். பாபநாசம் சிவன் இந்த விதிக்கு ஒழுங்காகக் கட்டுப்பட்டார். பிறந்தது 1890. மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி பட்டம் கொடுத்தது 1971.

இத்தனைக்கும் மனுஷருக்குப் பிறந்த பெயர் சிவனும் இல்லை, பிறந்த ஊர் பாபநாசமும் இல்லை. தஞ்சைச் சீமைப் போலகத்து ராமய்யா. சின்ன வயதில் அப்பா போய்விட, குடும்பம் திருவனந்தபுரத்துக்குப் போனது. அங்கே சமஸ்கிருத வியாகரணம் படித்துப் பட்டம் வாங்கினார். அம்மாவும் போனபின் கோயில் கோயிலாகப் பாடித் திரிந்தார். உடம்பெல்லாம் விபூதியைப் பார்த்த ஜனங்கள் ‘சிவன்’ என்றார்கள், ஒட்டிக்கொண்டது. பாட்டில் வைத்த முத்திரையோ ‘ராமதாசன்’. பட்டையும் நாமமும் ஒரே ஆளுக்குள் வம்பு வழக்கில்லாமல் குடியிருந்தது, மாட வீதி வரலாற்றில் சின்ன சாதனை இல்லை.

மயிலாப்பூருக்கு வந்து சேர்ந்தபின், அந்த மாட வீதிகளில்தான் மார்கழி விடியலில் கோஷ்டியோடு பஜனை. போர்வைக்குள்ளிருந்தே புண்ணியம் தேடிக்கொண்டவர்கள் ஏராளம் இருந்திருப்பார்கள். கபாலி வீதியுலா வந்தால் இவருக்கு ஒரு கீர்த்தனை பிறக்கும். மோகனத்தில் ஒன்று, காம்போதியில் ஒன்று. அடையாற்றில் கலாக்ஷேத்ராவில் வாத்தியார் வேலையும் பார்த்தார்.

‘தமிழ்த் தியாகராஜர்’ என்பார்கள். அசல் தியாகராஜர் ராஜா கூப்பிட்டும் போகவில்லை. நம்மவர் சினிமாக்காரன் கூப்பிட்டதும் போனார். வீட்டில் உலை வைக்க வேண்டாமா? 1934-இல் ‘சீதா கல்யாணம்’ தொடக்கம். பிறகு ‘சிந்தாமணி’, ‘அம்பிகாபதி’, ‘அசோக்குமார்’, ‘சிவகவி’. விடியலில் கபாலிக்குப் பாட்டு, பொழுது சாய்ந்தால் நடிகர் எம்.கே. தியாகராஜ பாகவதருக்குப் பாட்டு. 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. நடுவில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரே ஜெயிலுக்குப் போய்விட்டார். படம் மட்டும் அசையவில்லை. அதில் மன்மதனின் லீலைகளைப் பற்றி ஒரு சாருகேசிப் பாட்டு. அதை எழுதியது விபூதிக்காரர் என்பதை ஊர் நாசூக்காக மறந்துவிட்டு முணுமுணுத்தது.

பாட்டு எழுதியவரை டைரக்டர் கே. சுப்பிரமணியம் விட்டாரா? நடிக்கவும் வைத்தார். 1936-இல் ‘பக்த குசேலா’. ஏழைப் பிராமணர் வேஷம். ஒப்பனைக்குப் பெரிய செலவு ஆகியிருக்காது. வேடிக்கை வேறு இடத்தில். குசேலரின் மனைவியாகவும் கிருஷ்ணனாகவும் நடித்தவர் ஒருவரே, எஸ்.டி. சுப்புலட்சுமி! “போய்க் கேளுங்களேன்” என்று வீட்டிலிருந்து கிளப்பிவிட்டவரும் அவர்தான், துவாரகையில் உட்கார்ந்து அவலைத் தின்றவரும் அவர்தான். சம்சாரியின் நிலைமையை இதைவிடத் தெளிவாக எந்தப் படமும் சொன்னதில்லை. 1939-இல் ‘தியாக பூமி’யில் சம்பு சாஸ்திரி. அதற்கு வெள்ளைக்காரன் தடையே போட்டான். சாதுவாக ஒரு சாஸ்திரி பாடினால்கூட சாம்ராஜ்யம் ஆடுமோ என்னவோ.

சந்தடி சாக்கில் ஒரு தகவல்: இவருடைய அண்ணன் மகள்தான் வி.என். ஜானகி. ஆக, ஜானகியை மணந்த எம்.ஜி.ஆர். இந்த வீட்டு மாப்பிள்ளை.

கலாநிதிக்கு மறுவருஷம் பத்மபூஷண். 1973 அக்டோபர் 1-ஆம் தேதி புறப்பட்டுவிட்டார். தெருவும் தியேட்டரும் முப்பது, நாற்பது வருஷம் முன்பே ஒப்புக்கொண்டதைச் சபை சாவகாசமாக வழிமொழிந்தது, அவ்வளவுதான்.

இப்போதும் பல கச்சேரிகளில் அவர் பாட்டுக்கு இடம் கடைசியில், துக்கடாவாக. அடுத்த டிசம்பரில் பாடகர் அதை எடுக்கும்போது கேன்டீனுக்கு எழுந்து ஓடாதீர்கள், சுவாமி. ரவா தோசை எங்கேயும் போய்விடாது.