யாத்திரிகர் வங்கிக்குப் போகிறார்

கண்டி மாநகரிலே, ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807ஆம் ஆண்டில் அமைப்பித்த வாவியைச் சுற்றி மாலை வேளைகளில் உலாவுகிறவர்களுள், வைத்தியர் சொன்னதற்காக நடப்பவர், மனைவி சொன்னதற்காக நடப்பவர், வீட்டில் இருக்க முடியாமல் நடப்பவர் ஆகிய பல திறத்தினருக்கும் நடுவே, நடவாமல் வாவிக்கரையின் மேகச்சுவரிலே சாய்ந்து நின்றுகொண்டு, இந்தியா சென்றுவர மாணவர் கடன் உசிதமா அல்லது வங்கி மேலதிகப்பற்று உசிதமா என்று தீர்க்காலோசனை செய்யும் ஓர் இளைஞரை நீங்கள் அவசியம் காண்பீர்கள். அவரிடம் பிரயாணத்துக்கான பணம் இருக்கிறதா என்று கேட்டுவிடாதீர்கள். அது அநாகரிகமான கேள்வி. எந்தக் கடன் என்பதே அவருடைய உலகில் கேட்கத்தக்க கேள்வி.

பிராயம் இருபத்திரண்டுக்கு மேலிராது. உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடங்களிலும் சித்தியெய்தியும், வெட்டுப்புள்ளி என்னும் கத்தி சற்றே உயரத்தில் விழுந்துவிட்டபடியால், பேராதனைப் பல்கலைக்கழகத்தைக் கம்பளை பஸ்ஸின் ஜன்னல் வழியாக மட்டும் தரிசிக்கும் பாக்கியம் பெற்றவர். தந்தையாருக்குக் கொழும்பு வீதியிலே புடவைக்கடை. இத்தகைய பிள்ளைகள் அங்கீகாரம் பெற்ற தனியார் நிறுவனங்களில் பட்டம் படிக்கட்டும் என்று 2017 முதல் அரசாங்கம் வட்டியில்லாக் கடன் ஒன்றை வழங்கி வருகிறது. வட்டியை அரசே செலுத்தும், முதலைப் படிப்பு முடிந்தபின் தவணை முறையில் மாணவர் செலுத்த வேண்டும். நாட்டின் கல்வி விருத்திக்காக ஏற்பட்ட இந்த ஏற்பாட்டிலே கொடைக்கானலுக்கும் மகாபலிபுரத்துக்கும் ஒரு கிளைப்பாதை இருப்பதைக் கண்டுபிடித்தவர் நமது யாத்திரிகர்தான்.

அந்தப் பாதை சற்று வளைந்து செல்வது. பாடநெறிக் கட்டணத்துக்கான கடன் பணம் மாணவர் கைக்கு வராமல் நிறுவனத்துக்கே நேரே போய்விடும் என்று யாராவது தடை எழுப்பினால், அவர் ஒரு புன்னகை செய்து, கட்டணத்தை அரசாங்கக் கடன் செலுத்திவிடுமானால், அதே கட்டணத்துக்கென்று அப்பா ஒதுக்கி வைத்திருக்கும் பணம் விடுதலையடைந்துவிடுகிறதல்லவா, விடுதலையடைந்த அந்தப் பணத்தில் பிரயாணம் செய்வது தத்துவரீதியில் வட்டியில்லாக் கடனில் பிரயாணம் செய்வதே ஆகுமல்லவா என்று கேட்பார். நியாய சாஸ்திரத்தில் இதற்கு மறுப்பு இல்லை. மறுப்பு கொழும்பு வீதியில் இருக்கிறது.

"ஒதுக்கி வச்ச காசா? அது தீபாவளிச் சரக்காத் தட்டுல அடுக்கியிருக்குடா. வேணும்னா அம்பது சேலைய எடுத்துக்கிட்டுப் போய் ஏர்ப்போர்ட்ல குடு."

இந்த இடத்தில் சாமானிய மனிதனாக இருந்தால் கட்டுகஸ்தோட்டை மட்டும் போய்விட்டுத் திரும்பியிருப்பான். யாத்திரிகரோ உடனே இரண்டாவது சித்தாந்தத்துக்கு மாறினார். கடையின் நடைமுறைக் கணக்குக்கு வங்கி அனுமதித்துள்ள மேலதிகப்பற்று, கடைக்காரர்கள் 'ஓ.டி.' என்று செல்லமாக அழைப்பது, முழுவதும் பயன்படுத்தப்படாமல் வீணே கிடக்கிறது என்பதும், எடுத்த தொகைக்கு எடுத்த நாட்களுக்கு மட்டுமே அதில் வட்டி என்பதும், எடுக்காத தொகைக்கு வட்டியே இல்லை என்பதும் அவர் கண்ட உண்மைகள். இவற்றுள் கடைசி உண்மை அவரை மிகவும் பரவசப்படுத்தியது. உலகத்தில் முதன்முதலாக ஓ.டி. வாங்கியவர் எடின்பரோ நகரத்து வணிகர் வில்லியம் ஹொக் என்றும், 1728ஆம் ஆண்டில் றோயல் பாங்க் ஒப் ஸ்கொட்லாந்து அவருடைய கணக்கில் இருந்ததற்கு மேல் ஆயிரம் பவுண் எடுக்க இடங்கொடுத்தது என்றும் சரித்திர ஆதாரம் காட்டினார். ஹொக் அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு ஊட்டி பார்க்கப் போகவில்லை. வரவேண்டிய பாக்கி வருவதற்குள் கொடுக்கவேண்டிய பாக்கி வந்து நின்றதால் எடுத்தார். சரித்திரத்தை மேற்கோள் காட்டுகிறவர்கள் சரித்திரம் முழுவதையும் காட்டவேண்டும் என்ற நிர்ப்பந்தம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

"அப்பா, ஓ.டி.யில இன்னும் எடம் இருக்கே?"

"எடம் இருந்தா? அது பேங்க்காரன் காசுடா. கேட்ட அன்னைக்கு வைக்கணும்."

தந்தையாரின் குரலில் இருந்த கசப்புக்குக் காரணம் உண்டு. 2022 ஏப்ரல் 8ஆந் தேதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டி விகிதங்களை ஒரே மூச்சில் ஏழு சதவீதப் புள்ளிகள் உயர்த்தியதையும், அந்த வருஷம் முடிவதற்குள் வியாபாரிகளின் ஓ.டி. வட்டி நூற்றுக்கு 25ஐத் தாண்டிப் போனதையும், மாலையில் கடையடைக்கும்போது விற்ற கணக்கைவிட வட்டிக் கணக்கு நீளமாக இருந்ததையும் அனுபவித்தவர் அவர். மகனுக்கு அது பத்திரிகைச் செய்தி.

ஆனாலும் கடன்பட்டுக் கடல் கடப்பது இந்தக் குடும்பத்துக்குப் புதிதன்று. கண்டிச் சீமையின் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் வந்த காலத்தில், வழிச்செலவைக் கங்காணி முற்பணமாகக் கொடுத்து, அதை வந்தவன் தலையிலே கடனாக எழுதிக்கொள்வான். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைவரை காட்டுவழியே நடந்தவர்களில் கடனோடு வந்துசேர்ந்தவர்களும் உண்டு, வந்துசேராதவர்களும் உண்டு. பிற்பாடு 'துண்டு' என்றொரு கடதாசி வழக்கத்துக்கு வந்தது: இன்ன தொகையைச் செலுத்தினால் இந்த ஆட்களை விடுவிக்கலாம் என்று ஒரு துரை எழுதிக்கொடுக்க, வேறொரு துரை அந்தக் கடனைத் தீர்த்து ஆட்களைத் தன் தோட்டத்துக்கு அழைத்துக்கொள்வார். 1921ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒழித்தது. ஒரு வங்கியின் கடனை இன்னொரு வங்கிக்கு மாற்றிக்கொள்வது இக்காலத்து நிதி விஞ்ஞானத்தின் அற்புதம் என்று மேகச்சுவரில் சாய்ந்து பிரசங்கம் செய்கிற யாத்திரிகர், தம் பூட்டனாரே அவ்வாறு மாற்றப்பட்ட ஒரு கணக்கு என்பதை அறியார். பூட்டனார் கடனில் வந்த திசைக்கு நேர் எதிர்த்திசையில், அதே சமுத்திரத்தைக் கடன்பட்டுக் கடக்கவே பூட்டன் மகனின் பேரன் விரும்புகிறார். வித்தியாசம், இவருக்கு 2023 ஒக்டோபரில் தொடங்கிய காங்கேசன்துறை–நாகபட்டினம் கப்பலும், கண்டியிலிருந்தே புறப்படும் ஏ-9 வீதியும் உண்டு.

இவ்வளவு வாதங்களிலும் ஒரு விஷயத்தை அவர் லாகவமாகத் தாண்டிச் சென்றதை நான் கவனித்தேன். மாணவர் கடனுக்குக் கையொப்பம் இடவேண்டியவர் அவரே, ஓ.டி. காசோலையில் கையொப்பம் இடவேண்டியவர் தந்தையார். வட்டி விகிதங்களைப் பற்றி அவர் செய்த ஆராய்ச்சி எல்லாம், பேனாவை யார் கையில் கொடுப்பது என்ற ஆராய்ச்சிதான். முதலாவதை எண்ணினால் பட்டம் பெற்ற பிற்காலத்து யாத்திரிகர்மீது இரக்கம் பிறந்தது. இரண்டாவதை எண்ணினால் இக்காலத்துத் தந்தையார்மீது பயம் பிறந்தது. இரக்கமும் பயமும் சரிசமமாக நின்றபடியால் விவகாரம் நல்லூர்த் திருவிழாவையும் கண்டிப் பெரஹராவையும் தாண்டி நீடித்தது.

அப்போது குசினியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"என் வளையல் ரெண்டு சும்மாதானே கெடக்கு. அதக் கொண்டுபோய் வைடா தம்பி. ஒங்கப்பாவோட எதுக்கு வாய் குடுக்குற?"

அடகுச்சீட்டு தாயார் பெயரில் எழுதப்பட்டது. கையொப்பமும் அவருடையதே. தந்தையார் அதை அறிந்தும் அறியாதவர்போல் இருந்துவிட்டு, போகிறதுதான் போகிறாய், ஈரோட்டிலே வேட்டியும் துண்டும் என்ன விலை போகிறது என்று விசாரித்து வா என்று மட்டும் சொன்னார்; ஆகவே பிரயாணம் வியாபார விஜயமாகவும் உயர்வு பெற்றுவிட்டது.

யாத்திரிகர் சென்றார், கண்டார், திரும்பினார். கைத்தொலைபேசி நிறைய மீனாட்சியம்மன் கோபுரங்களோடு இப்போது மறுபடியும் வாவிக்கரையில் நிற்கிறார். ஈரோட்டு விலையை விசாரிக்க அவகாசம் கிடைக்கவில்லை. மாணவர் கடன், மேலதிகப்பற்று ஆகிய இரண்டையும் சீர்தூக்கிப் பார்த்து, இரண்டிலும் உள்ள குறைபாடுகளை உணர்ந்து, செயலற்றுக் கிடந்த தங்கத்தை இயக்கத்துக்குக் கொண்டுவரும் மூன்றாவது மார்க்கத்தைத் தாமே வகுத்ததாகச் சுற்றி நிற்பவர்களுக்கு விளக்குகிறார். நேற்று பாங்கொக் போகவேண்டும் என்ற ஆசையோடு ஆலோசனை கேட்க வந்த ஒரு கடுகண்ணாவைப் பையனிடம், அவர் வருமானத்தைப் பற்றியோ வட்டியைப் பற்றியோ ஒரு வார்த்தையும் விசாரிக்கவில்லை.

"ஒங்க அப்பாயி இருக்காங்களா? சங்கிலி எத்தன பவுன்?" என்றுதான் கேட்டார்.