பழைய ஜிடிஐ வாங்குதல்: பொருட்பால் வழியில் ஒரு முன்னாய்வு

அகராதியில் 'காடி' என்ற சொல்லுக்குப் புளித்த கஞ்சி என்று பொருள் போட்டிருக்கும். ஈப்போவில் காடி என்றால் கார். இரண்டும் வெவ்வேறு வேரில் பிறந்த சொற்கள் என்று மொழிநூல் வல்லார் அடித்துச் சொல்வார்கள். இருபது வயதைத் தாண்டிய காரை ஒருமுறையாவது காசு கொடுத்து வாங்கியவர் அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டார். நாள்பட நாள்படப் புளிப்பது இரண்டுக்கும் பொதுக்குணம்.

இக்கட்டுரை என்னுதலிற்றோ எனின், புந்தோங்கில் ஒரு வீடும், வாசலில் கடன் அடைத்து முடிந்த ஒரு மைவி காரும், ஐம்பது வயதும் உடைய ஒருவன், 2003-ஆம் ஆண்டின் புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ ஒன்றை வாங்கலாமா கூடாதா என்று ஆராய்தல் நுதலிற்று. அந்த ஒருவன் யார் என்பது ஆய்வு எல்லைக்கு வெளியே நிற்பது. என் மனைவிக்கு மட்டும் தெரியும்.

முதலில் பொருள் விளக்கம். சத்ரியா என்றால் மலாயில் போர்வீரன். வடமொழி க்ஷத்திரியன்தான் கடல் தாண்டி வந்து, குதிரையை விட்டுக் காரில் ஏறியிருக்கிறான். 1993-இல் வந்த அதன் அண்ணன் பெயர் வீரா. அதற்கு உரை தேவையில்லை. மறுவருடம் மூன்று கதவோடு சத்ரியா பிறந்தது. 1990-களின் கடைசியில் அதற்குள் மிட்சுபிஷியின் 4ஜி93 இஞ்சினைப் பொருத்தினார்கள். 1834 சிசி, ஏறத்தாழ 140 குதிரைத்திறன், ஐந்து கியர். கிளட்ச் மிதிக்காமல் ஓட்டும் வகை கிடையாது. 1996-இல் புரோட்டோன் வாங்கியிருந்த லோட்டஸ் நிறுவனம், வளைவில் கார் தரையை விடாதபடி சீர்செய்து கொடுத்தது. அந்தப் பெருமையைப் பின்புறத்திலேயே ஒட்டி அனுப்பினார்கள்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. என்னிடம் இருந்தது 660 சிசி கஞ்சில். கஞ்சில் என்றால் சருகுமான். சிலிபின் விளக்குச் சந்திப்பில் பச்சை விழுந்ததும் பக்கத்தில் நின்ற கறுப்பு ஜிடிஐ போய்விட்டது. நான் முதல் கியரிலேயே இருந்தேன். எக்ஸோஸ் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. ஆய்வின் தோற்றுவாய் இதுவே. இருபத்தாறு ஆண்டு தாமதம் ஆய்வுலகில் பெரிதல்ல.

அடுத்து ஆய்வுமுறை. பழைய கார் வாங்கத் தமிழில் நூல் இல்லை என்பது பொது எண்ணம். தவறு. திருக்குறள் பொருட்பாலில் 46-ஆம் அதிகாரம் தொடங்கி 54 வரை வேறு எதற்காக எழுதப்பட்டிருக்க முடியும்? அவை அரசனுக்குச் சொன்னவை என்று பரிமேலழகர் உரை எழுதிவிட்டார். அவர் காலத்தில் ஜேபிஜே என்னும் சாலைப் போக்குவரத்துத் துறை இல்லை, பொறுத்துக்கொள்ளலாம்.

46 சிற்றினம் சேராமை. லிட்டில் இந்தியா ஒட்டுக்கடையில் மாலைதோறும் கூடும் நால்வரை இது குறிக்கும். நால்வரிடமும் ஜிடிஐ இல்லை. நால்வரும் "வாங்கு" என்றார்கள். ஒருவர் டர்போ போடச் சொன்னார். இந்த அதிகாரத்தை இவ்வளவோடு விடுகிறேன்.

விற்பவர் மெங்லெம்புப் பக்கத்து இளைஞர். இரவு எட்டு மணிக்கு மேல் வரச்சொன்னார். 49-ஆம் அதிகாரமாகிய காலமறிதலில் வள்ளுவர் காக்கையையும் கூகையையும் கொண்டுவருகிறார்: பகலில் காக்கை வெல்லும். கூகையின் நேரத்தில் கார் பார்க்கப் போகக்கூடாது என்பதே இதன் பிழிவு. தெருவிளக்கில் எல்லாக் கறுப்பும் ஒரே கறுப்பு. காலை பத்து மணிக்குப் போனேன்.

"அண்ணே, ஒரே ஓனர். வாத்தியார் காடி. சண்டைக்கே போகாதுலா" என்றார். இந்த நாட்டில் விற்பனைக்கு வரும் பழைய கார்கள் அத்தனையும் வாத்தியார்களுடையவை என்றால், ஆசிரியர் சம்பளம் பற்றி வேறோர் ஆய்வு தேவைப்படும்.

இங்கேதான் பதிப்பியல் வருகிறது. உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிடுமுன் பல ஏடுகளை ஒப்பிட்டு மூலபாடம் தேடினார். காருக்கும் மூன்று ஏடுகள் உண்டு: கெரான் என்று நாம் சொல்லும் உரிமைப் பத்திரம், சேசிஸ் எண், இஞ்சின் எண். மூன்றும் ஒத்துவந்தால் மூலம். ஒவ்வாவிட்டால் இடைச்செருகல். ஜிடிஐ போன்ற நூலில் இடைச்செருகலுக்கு வாய்ப்பு அதிகம். சாதாரண 1.3, 1.5 சத்ரியாவை வாங்கி, 'ஹாஃப் கட்' கடையில் இஞ்சின் பிடித்து மாட்டி, பின்னால் மூன்று எழுத்தை ஒட்டினால் கடைச்சங்கக் காப்பியம் தயார். ஹாஃப் கட் அறியாதார்க்கு ஒரு குறிப்பு: ஜப்பானில் ஓடி ஓய்ந்த காரை நடுவே அறுத்து, முன்பாதியை இஞ்சினோடு கப்பலில் அனுப்புகிறார்கள். அது இங்கே வேறு உடலில் மறுபிறவி எடுக்கிறது. பாதி ஒரு புலவர், மீதி இன்னொருவர். சந்தம் மட்டும் தட்டும்.

உரிமை மாற்றத்துக்கான பி5 பரிசோதனையில் புஸ்பாகோம் இந்த எண்களைச் சரிபார்க்கும்தான். ஆனால் பதிப்பாசிரியன் அச்சகத்தை நம்பக்கூடாது. முழங்காலிட்டு டார்ச் அடித்துப் படித்தேன். எண்கள் மூன்றும் ஒத்திருந்தன. பானெட் மட்டும் வேறு ஏட்டிலிருந்து வந்தது. இடது கதவுச் சாயம் பிற்காலத்தது. இரண்டு பாடபேதம் பெரிய குற்றமல்ல. படித்து முடித்து எழ முடியவில்லை. இளைஞர் கைகொடுத்துத் தூக்கினார். இச்செய்தி பின்னர் பயன்படும்.

டயரைப் பார்க்க அப்பாவை அழைத்துப் போயிருந்தேன். ஏன் என்பதற்குச் சிறிது வரலாறு வேண்டும். 1877-இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை ஊன்றினார்கள். அந்த முதல் தலைமுறை மரம் ஒன்று அங்கே நில அலுவலகத்துக்குப் பக்கத்தில் இன்னும் வேலிக்குள் நிற்கிறது. 1888-இல் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டி குலுங்குகிறதே என்று காற்றடைத்த டயர் செய்தார். பின்னர் அது மோட்டார் காருக்கும் ஏறியது. பிள்ளைக்கு வண்டி குலுங்கியது அயர்லாந்தில். விடியுமுன் பெரட்டுக்கு நின்றது பேராக்கில், எங்கள் பரம்பரை. அப்பா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருடத்துக்கு மேல் பால் வெட்டியவர். மங்கில் வடிந்ததைக் காண்டாவில் சுமந்தவரை விட டயருக்குத் தகுதியான நிபுணர் யார்?

அவர் குனியவில்லை. கைத்தடியைச் சாய்த்து வைத்துவிட்டு டயரின் பக்கவாட்டில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினார்.

"பால் செத்துப்போச்சுடா" என்றார்.

டயரில் நான்கு இலக்கக் கல்வெட்டு ஒன்று இருக்கும். முதலிரண்டு வாரம், பின்னிரண்டு வருடம். தேடிப் படித்தேன்: 3114. 2014-ஆம் ஆண்டின் 31-ஆம் வாரம். சுவடிச் சான்றும் கர்ணபரம்பரைச் சான்றும் இவ்வளவு பொருந்தி நான் கண்டதில்லை. நான்கு டயரின் விலையைக் கழிக்கச் சொன்னோம். இளைஞர் அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கழித்துக்கொண்டார்.

48 வலியறிதல். அளவுமீறி ஏற்றினால் மயிலிறகுக்கும் வண்டியச்சு முறியும் என்கிறது இவ்வதிகாரம். காரின் அச்சு முறியுமுன் பேசும்: ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பினால் டக் டக் என்னும். இது பேசவில்லை. பேசியது சாலை வரி. மைவிக்கு 70 வெள்ளி கட்டுகிறேன். 1600 சிசி வரை 90 வெள்ளிதான். 1834-க்கு 297. பழைய கஞ்சிலுக்கு 20 வெள்ளி. இருபத்து நான்கு வயதில் வராத வலிமை ஐம்பதில் வருவதற்கு அரசாங்கம் விதித்த கட்டணம் இது. இத்தனை வருடத்து வண்டிக்கு வங்கி கடன் தராது, ரொக்கம் வேண்டும். இபிஎஃப் சேமிப்பில் ஒரு பகுதியை ஐம்பது வயதில் எடுக்கலாம் என்று விதி வைத்தவர்கள் எதை நினைத்து வைத்தார்களோ, ஜிடிஐயை நினைத்திருக்கமாட்டார்கள்.

52 தெரிந்துவினையாடல், அதாவது தக்கவரைக் கண்டு வேலையை ஒப்படைத்தல்: ஃபோர்மேன். எங்கள் ஃபோர்மேன் சீனர். தமிழில் வசவு மட்டும் தெரியும், அதுவும் தோட்டத்து லோரி டிரைவர்களிடம் கற்றது. கால் நிமிடம் இஞ்சினைக் கேட்டார். "டைமிங் பெல்ட் பிலா துக்கார்?" எப்போது மாற்றியது என்று கேட்கிறார். இளைஞர் வானத்தைப் பார்த்தார். அது அறுந்தால் உள்ளே வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். இஞ்சின் கதை முடிந்தது. விலையில் இன்னும் கொஞ்சம் குறைந்தது. வள்ளுவர் 51-இல் விற்பவரைச் சோதிக்க நான்கு வழி சொல்கிறார். இந்த ஒரு கேள்வி போதுமென்பது ஃபோர்மேனின் உரை.

50 இடனறிதலுக்குக் களப்பணி தேவைப்பட்டது. தேர் கடலில் ஓடாது, கப்பல் தரையில் ஓடாது என்பது அங்கே வரும் கருத்து. தரையோடு தாழ்ந்த இந்தத் தேர் செம்மண்ணில் ஓடுமா? அப்பா பால் வெட்டிய தோட்டத்தில் இப்போது ரப்பர் இல்லை, செம்பனை. லயங்களை இடித்தாயிற்று, ஆட்கள் தாமான்களுக்குப் போயாயிற்று. மாரியம்மன் கோயில் மட்டும் இருக்கிறது. திருவிழாவுக்கு எல்லாரும் திரும்புகிறோம். இளைஞருடைய அனுமதியோடு, முன்னால் அப்பா, பின்னால் சீட்டை மடித்து நுழைந்த மனைவி, ஓட்டுநர் ஆய்வாளர் எனப் புறப்பட்டோம்.

கோயிலைத் தாண்டியதும் துரை பங்களா ஏற்றம். அப்பா காலத்தில் துரை காடி வந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்கி ஓரமாக நிற்க வேண்டுமாம். ஆய்வேட்டில் சேர்க்க வேண்டாமென்று நினைத்த ஆசை ஒன்று எனக்கு இருந்தது: அப்பாவை முன்சீட்டில் வைத்து அந்த ஏற்றத்தில் சர்ரென்று போகவேண்டும். பாதி ஏற்றத்தில், செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டருக்காக நின்றேன். மறுபடி எடுக்கக் கிளட்சை மிதித்த இடது முழங்கால் அங்கேயே பிடித்துக்கொண்டது. கார் மெதுவாகப் பின்னால் உருண்டது. கைபிரேக்கை இழுத்து உட்கார்ந்திருந்தேன். டிராக்டர்க்காரர் கீழே இறங்கி, ஓரமாக நின்று, எங்களைப் பார்த்தார்.

53 சுற்றந்தழால். இந்த அதிகாரத்தை முன்னாலேயே வைத்திருந்தால் பாதி ஆய்வு மிச்சமாகியிருக்கும். என் மனைவி பதினொரு வருடம் பள்ளி வேன் ஓட்டியவர். புந்தோங்கிலிருந்து சிலிபின் வரை, பன்னிரண்டு பிள்ளைகளோடு, கியரும் கிளட்சும். "இறங்குங்க" என்றார். இறங்கினேன், அதாவது இறக்கப்பட்டேன். இடம் மாறிக்கொண்டோம். ஒரு தடவை ஆக்ஸிலேட்டரை அழுத்திப் பார்த்தார், அவ்வளவுதான். செம்மண் பறக்க ஏற்றம் முடிந்துவிட்டது. அப்பா கூரைக்கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தோட்டத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பங்களா வாசலில் நிறுத்தி, மனைவி கைகளைத் துடைத்துக்கொண்டார்.

"வாங்கலாங்க. நீங்க ஓட்ட வேணாம்."

54 பொச்சாவாமை, மறதி கூடாமை: டைமிங் பெல்ட்டை மாற்றியாயிற்று. கெரான் என் மனைவி பெயரில் இருக்கிறது. காப்புறுதியில் இரண்டாம் ஓட்டுநராக ஆய்வாளரின் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள்.