மண்ணு கறுத்தாலும் ராவணன், செவந்தாலும் ராவணன்

ராவணன் மேல எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது பேராண்டி. பத்துத் தலை வச்சிருந்த மனுசன், அதுல ஒரு தலையாவது "இது நெசந்தானா?"ன்னு கேட்டிருக்கும். நீ இருக்குற ஒத்தத் தலையவும் அந்த டிவிப் பொட்டிக்குக் குத்தகைக்கு விட்டுட்டு, விடிய விடிய ஒக்காந்திருக்க. ராவணன் ஏரோப்பிளேன் எங்க எறங்குச்சு, அவன் சொரங்கம் எங்க போவுதுன்னு டிவிக்காரங்க சொல்லச் சொல்ல, நீ தலையாட்டுற. காலையில பெரட்டுக்களத்துல வந்து கணக்கப்புள்ளைக்கே பாடம் எடுக்குறியாம். நல்லது. இந்தக் கெழவனுக்கும் கொஞ்சம் சொல்லிக்குடு.

நுவரெலியாப் பக்கம் சீத்தா எலியவுல மண்ணு ஏன் கறுப்பா இருக்கு? அனுமாரு வாலு வச்ச தீயில எரிஞ்சதுங்குற. சரி. தெக்க, அம்பாந்தோட்டைப் பக்கம் உஸ்ஸங்கொடயில மண்ணு செக்கச்செவேலுன்னு கெடக்குதே? அதுவும் அதே தீதாங்குற. அப்ப எரியாத மண்ணு என்ன நெறத்துல இருக்கும் ராசா? ஒரே ஒரு நெறம் சொல்லு, அட்டன் டவுன்ல ஒனக்கு வடையும் தேத்தண்ணியும் நான் வாங்கித் தாரேன்.

சொல்ல முடியல பாத்தியா? எந்த நெறம் வந்தாலும் செயிக்கிற ஆட்டத்துல, மண்ணக் காட்டி என்ன புண்ணியம்?

நுவரெலியா 1,868 மீட்டர் ஒசரம். குளுரும் ஈரமுமா இருக்குற மண்ணுல எலை தழை மெதுவாத்தான் மக்கும், மண்ணு கறுத்துப் போவும். மண்ணு கெளர்ற ஒனக்கு இத நான் சொல்லித் தரணுமா? உஸ்ஸங்கொடயில கீழ கெடக்குறது பாம்புக்கல்லுன்னு ஒரு பாறை. இரும்புச் சத்து கூட, அதான் செவப்பு. நிக்கலும் கூட, அதான் செடி கொடி குட்டையா நிக்குது. இதையும் டிவியில சொல்லியிருக்கலாம். சொன்னா வெளம்பர எடைவேளைக்கு முன்னாலயே கத முடிஞ்சு போயிருமே!

டிவிக்காரன மட்டும் சொல்லி என்ன? 2019 சூலையில கட்டுநாயக்கவுல பெரிய பெரிய ஆளுங்க கூடி, ராவணன் 5,000 வருசத்துக்கு முன்னால பறந்தான்னு முடிவு கட்டுனாங்க. 2020 சூலையில சிவில் விமான சேவைகள் அதிகாரசபை பேப்பர்ல வெளம்பரம் போட்டுச்சு: ராவணனப் பத்தியும் பழங்காலத்துப் பறப்பப் பத்தியும் ஏடு, புத்தகம் எதாச்சும் இருந்தாக் குடுங்கன்னு. தீர்ப்பு மொத வருசம், சாட்சி மறு வருசம். இப்புடி ஒரு கோர்ட்டு கெடைச்சா நான் ஒரு வழக்கும் தோக்க மாட்டேன்.

அதே 2019ல 'ராவணா-1' வானத்துக்குப் போனது நெசம். நம்ம நாட்டு இஞ்சினியருங்க ரெண்டு பேரு சப்பான்ல ஒக்காந்து செஞ்ச குட்டிச் செயற்கைக்கோள். எடை ஒரு கிலோ சொச்சம், கொழுந்துச் சாக்குக்குக் கழிக்கிறத விடக் கொறைச்சல். பழைய ராவணன் சொந்த வண்டியில பறந்தானாம். புது ராவணன் அமெரிக்கா ராக்கெட்டுல தொத்திக்கிட்டுப் போனான். ஆனா போனதுக்கு ரசீது இருக்கு!

பழங்கதைய விஞ்ஞானமுன்னு விக்கிற இந்த ஏவாரம் நம்ம ஊரோட நிக்கல. சுவிட்சர்லாந்துக்காரரு எரிக் வான் டேனிக்கன் 1968ல ஒரு புத்தகம் போட்டாரு, சாமியெல்லாம் வேற கெரகத்துலருந்து வந்தவுங்களான்னு. அமெரிக்காவுல 'ஏன்சியன்ட் ஏலியன்ஸ்' 2009லருந்து அதே பாட்டத்தான் பாடுது. சூச்சுமம் ரொம்ப லேசு. "இருக்கக்கூடுமோ?"ன்னு கேக்கணும், மேளத்த ஒசத்தணும், இல்லேன்னு சொல்லக்கூடியவன மட்டும் கூப்புடக் கூடாது. கேள்வி கேட்டவன் பொய் சொன்னதா ஆகாது பாரு. பதில நீயே சொல்லிக்கிற.

லண்டன்ல பீட்டர் வேசன்னு ஒருத்தரு 1960ல, நமக்குத் தோதான பதில மட்டுமே தேடுற இந்தக் கொணத்தச் சோதிச்சுப் பாத்தாரு. 2, 4, 6ன்னு மூணு நம்பர் குடுத்து, இதுக்குப் பின்னால ஒரு விதி இருக்கு, நீங்களும் மூணு மூணு நம்பராக் கேட்டுக் கண்டுபுடிங்கன்னாரு. 8, 10, 12ன்னா "சரி". 20, 22, 24ன்னாலும் "சரி". ரெண்டு ரெண்டாக் கூடுதுன்னு நெஞ்ச நிமித்திச் சொன்னவன் தோத்தான். வெறுமன ஏறுவரிசையில இருந்தாப் போதும், அம்புட்டுத்தான் விதி. 1, 2, 9ன்னு ஒரு தடவ கேட்டிருந்தா அவன் கணக்கு ஒடஞ்சிருக்கும். 29 பேர்ல 6 பேருதான் மொதத் தடவையே சரியாச் சொன்னாங்க. மத்தவங்க முட்டாளுங்க இல்ல. "ஆமா"ங்குற பதில் காதுக்கு இனிக்கும், "இல்ல"ங்குறத யாரு காசு குடுத்து வாங்குவா?

ஒனக்கு வெவரம் இல்லேன்னும் நான் சொல்ல மாட்டேன். கொழுந்து நிறுக்கயில ஈரம், சாக்குன்னு சொல்லி ரெண்டு கிலோ கழிச்சா, "திரும்பப் போடு தராசுல"ன்னு சண்டைக்கு நிக்கிறவன் நீ. ஒனக்குப் புடிக்காத கணக்குன்னா நிறுத்துப் பாக்குற. புடிச்ச கணக்குன்னா சாக்கோட அப்புடியே எடுத்துக்கிற!

சாமி காரியம் வேற. சீதையம்மன் கோயில்ல வெளக்கேத்த எனக்கு ஆராய்ச்சிக்காரன் சீட்டுக் குடுக்க வேணாம். 2024 மே மாசக் கும்பாபிசேகத்துக்கு அயோத்தி சரயு தண்ணி வந்தப்ப, நானும் கையெடுத்துக் கும்புட்டேன். பக்திக்கு அத்தாட்சி கேட்டா அது அழிச்சாட்டியம். ஆனா விஞ்ஞானமுன்னு பேரு சொல்லி வந்தா, அத்தாட்சிய மேசையில வைக்கத்தான் வேணும்.

டிவியில காட்டுற மாதிரி சதிக்கதைதான் வேணுமுன்னா ஒனக்கு நம்ம கதையே கெடக்கு. 1948ல 18ஆம் நம்பர் பிரசாவுரிமைச் சட்டத்தப் பாராளுமன்றத்துல கைய ஒசத்தி நெறவேத்தி, நம்ம மலையகச் சனத்த நாடத்தவங்களா ஆக்குனாங்க. 1964 அக்டோபர் 30ல நம்ம பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் டில்லியில கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேரு அங்க, 3,00,000 பேரு இங்கன்னு பிரிச்சாங்க. மிச்சம் 1,50,000 பேரப் பொறவு பாத்துக்கலாமுன்னு தள்ளி வச்சாங்க. ஒரு சொரங்கமும் இல்ல, ஒரு ரகசியமும் இல்ல, அம்புட்டும் அச்சடிச்ச காயிதத்துல இருக்கு. அதப் படிக்கச் சொன்னா மட்டும் ஒனக்குத் தூக்கம் வந்துருது.

டிவி பாக்காதேன்னு நான் சொல்லல. நல்லாப் பாரு. முடிஞ்சதும் ஒன்னையே ஒரு கேள்வி கேளு: "எதக் காட்டுனா இது பொய்யின்னு நான் ஒத்துக்குவேன்?" பதில் இருந்தா இன்னும் நாலு நிகழ்ச்சி பாரு, தப்பில்ல. பதில் இல்லேன்னா நீ ஏற்கனவே முடிவு கட்டிட்ட. அதுக்கு டிவி எதுக்கு? அணைச்சுப் போடு, கரண்டு பில்லாவது மிஞ்சும்.