கோப்புக்கும் ஒரு சென்சார்

கோயம்புத்தூர் மதுக்கரைக் காட்டு ரயில் பாதையில் யானைக்காகக் கோபுரங்கள் நட்டிருக்கிறார்கள். 12 கோபுரம், 24 கேமரா, 7.24 கோடி ரூபாய். திறப்புவிழா 2024 பிப்ரவரியில். கும்மிருட்டில் நிற்கும் யானையை உடல் சூட்டை வைத்தே தெர்மல் கேமரா கண்டுபிடிக்கும். கட்டுப்பாட்டு அறைக்கும் ரயில் ஓட்டுநருக்கும் தகவல் போகும், வண்டி வேகம் குறையும். முதல் ஓராண்டில் அங்கே ஒரு யானைகூட ரயிலில் அடிபடவில்லை என்கிறது வனத்துறை. வாழ்க விஞ்ஞானம்! கேலியில்லை, மனசாரச் சொல்கிறேன்.

வயிறெரிவது வேறு காரணத்துக்கு. 2021 நவம்பர் 26 இரவு, அதே பாதையில் நவக்கரையில் மங்களூர்–சென்னை ரயில் மூன்று யானைகளை அடித்துப் போட்டது. யானை அங்கே தண்டவாளம் தாண்டும் என்பது அதற்கு முன் யாருக்குத் தெரியாது? மாடு மேய்ப்பவருக்குத் தெரியும், வேட்டைத் தடுப்புக் காவலருக்குத் தெரியும், ரயில்வேக்கும் தெரியும். மனுசன் வாயால் சொன்னால் அது புலம்பல். டெண்டர் விட்டு வாங்கிய கருவி சொன்னால்தான் தகவல்.

2023 மார்ச்சில் தர்மபுரி மாரண்டஅள்ளியில் திருட்டு மின்வேலியில் மூன்று பெண் யானைகள் செத்தன. குட்டிகள் இரண்டும் அந்த உடம்புகளைச் சுற்றிச் சுற்றி வந்தன. அதே மாதம் கம்பைநல்லூரில் ஏரிக்கரை ஏறிய ஆண் யானையை, தாழ்வாகப் போன மின்கம்பி கொன்றது. கம்பி தாழ்ந்திருப்பதைக் காண எந்தக் கேமரா வேண்டும்? அண்ணாந்து பார்த்தால் போதாதா?

எங்கள் சேத்தியாத்தோப்பில் யானை இல்லை. ஆனால் பார்வைக்குப் பஞ்சமில்லை. 2023 ஜூலையில் பக்கத்து வளையமாதேவியில் பச்சை நெற்பயிருக்குள் என்எல்சி சுரங்கத்துக்காகப் பொக்லைன்கள் இறங்கியதை நாடே டிவியில் பார்த்தது. பார்த்ததால் பயிர் பிழைத்ததா?

ஆகவே ஐயா, ஒரு விண்ணப்பம். யானை நாலடி நகர்ந்தால் மணி அடிக்கிறீர்கள். கோப்பு நாலு வருஷம் நகராவிட்டாலும் மணி அடிக்க ஒரு சென்சார் போடுங்கள். யானை வழித்தடத்தில் ரிசார்ட்டுக்குக் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்ததுமே சைரன் அலறட்டும். 2023இல் அரிக்கொம்பன் என்ற யானைக்குக் கேரளத்தில் ரேடியோ காலர் மாட்டினார்கள். அந்தக் காலரோடுதான் அவன் கம்பம் ஊர்த் தெருக்களில் ஓடினான். அடுத்த காலரை யானைக்கு மாட்டாதீர்கள். தாழ்ந்த கம்பிக்கும் திருட்டு வேலிக்கும் பொறுப்பான அதிகாரி கழுத்தில் மாட்டுங்கள். அவர் எந்தக் காலத்தில் ஊருக்குள் வருகிறார் என்றாவது எங்களுக்குத் தெரியட்டும்!