கொலுப்படி எண்ணிக்கையில் தரையின் இடம்: ஒரு பன்முக நோக்கு

முன்னுரை

நவராத்திரிக் கொலுவைப் பற்றி எழுதியவர்கள் பொம்மையைப் பார்த்தார்கள், சுண்டலைப் பார்த்தார்கள், வந்தவர்களின் பட்டுப்புடவையைப் பார்த்தார்கள். தரையை ஒருவரும் பார்க்கவில்லை. அக்குறையை நீக்கவே இவ்வாய்வு. ஆய்வுக்களம், வில்லிவாக்கத்தில் இரண்டாம் மாடி வீட்டின் கூடம். பதினான்கு அடிக்குப் பத்தடி, அதில் சோபா போக மிச்சம். ஆய்வாளர் நான். நெறியாளர் என் மனைவி. நெறியாளர் இவ்வேட்டைப் படிக்கவில்லை. இதில் மரபு மீறல் எதுவும் இல்லை.

கொலு என்றால் அரசவை, தெலுங்கில் கொலுவு. இந்த ஒரு வரியோடு சொல்லாராய்ச்சியை நிறுத்திக்கொள்கிறேன். ‘கோல்’ என்ற வேரிலிருந்து புறப்பட்டு, கொல்லிமலை ஏறி, சிந்துவெளி வழியாகச் சுமேரியா போய்ச் சேரும் பாதை எனக்கும் தெரியும். அந்தப் பாதையில் போனவர்கள் யாரும் சுண்டல் நேரத்துக்கு வீடு திரும்பியதில்லை.

இயல் 1: வகைப்பாடு

கணவனும் மனைவியும் வீட்டில் தம் கையால் செய்யும் பொருள்கள் மூவகைப்படும். மனைவி செய்ய, கணவன் பிடித்துக்கொண்டு நின்றவை முதல் வகை. எடுத்துக்காட்டு: கொலுப்படி. கணவன் செய்ய, மனைவி பிறகு சரிசெய்தவை இரண்டாம் வகை. எடுத்துக்காட்டு: கடந்த மே மாதம் நான் செய்த செருப்பு ஸ்டாண்ட். நெறியாளர் அதன் ஒரு காலுக்கு அடியில் அட்டை மடித்து வைத்ததும் ஆட்டம் நின்றது. இருவரும் சமமாக உழைத்துச் செய்தவை மூன்றாம் வகை. இதற்குச் சான்று கிடைக்கவில்லை.

எங்கள் கொலுப்படியின் அமைப்பு எளியது. 2009இல் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது நெறியாளருடைய பாட்டியின் தேக்குக் கட்டிலைப் பிரித்துப் பலகைகளாக்கினோம். முதல் பலகை செங்கல் மீது, இரண்டாவது அரிசி டின் மீது, மூன்றாவது இரும்புப் பெட்டி மீது, நான்காவது பிளாஸ்டிக் நாற்காலிகள் மீது. மேலே வெள்ளை வேட்டி விரித்துவிட்டால் அரிசி டின் தெரியாது. பலகை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க ரசமட்டம் கிடைக்காததால் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை வைத்துப் பார்த்தேன். அதன் அடிப்பாகம் உருண்டையாகவும் கனமாகவும் இருப்பதால் எந்தப் பக்கம் தள்ளினாலும் நிமிர்ந்து நிற்கும். சாய்ந்த பலகையிலும் அது நேராகவே நின்றது. எந்தத் தரவைக் கொடுத்தாலும் தலையாட்டும் கருவி ஆய்வுக்கு ஆகாது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். சில வாய்மொழித் தேர்வுக் குழுக்களையும் இது நினைவூட்டியது. அதைப் பதிவு செய்யவில்லை.

இயல் 2: ஐந்தாம் பலகை குறித்த பாட ஆராய்ச்சி

மகாளய அமாவாசைக்கு முந்தைய ஞாயிறு காலை பரணிலிருந்து இறங்கிய பலகைகள் நான்கு. அடிப்புறத்தில் ஜன்னல் கம்பிக்கு அடித்து மிச்சமான நீல பெயின்டால் 1, 2, 3, 4 என்று எண்கள்.

“அஞ்சாவது எங்கங்க?” என்றார் நெறியாளர்.

ஆய்வாளனுக்கு முன்னால் இரண்டு வழிகள். ஒன்று, தேடுவது. உ.வே.சாமிநாதையர் ஏட்டுச் சுவடிகளுக்காக ஊர் ஊராக அலைந்தார் என்பதை நான் அறிவேன். ஆனால் பரணில் தூசி அதிகம். மற்றது, ஐந்தாம் பலகை என்று ஒன்று இருந்ததே இல்லை என நிறுவுவது. இன்றைக்கு இதுதான் பெருவழக்கு. அலைச்சல் இல்லை, பயணப்படியும் கேட்கலாம்.

எனவே ஐந்தாம் பலகையைப் பிற்கால இடைச்செருகல் என்று கொண்டேன். அகச்சான்று: நான்கு என்ற எண்ணின் வால் கீழே ஒரு சுழிப்போடு முடிகிறது. தொடர்ந்து எழுத இருப்பவர் இப்படிச் சுழிக்க மாட்டார். சுவடி முடிந்த நிம்மதி அந்தச் சுழிப்பில் இருக்கிறது. புறச்சான்று: போன வருடக் கொலுப் புகைப்படத்தில் நான்காம் படிக்கு மேலே எதிர்வீட்டு மாமியின் தலைப்பூதான் தெரிகிறது. பூவுக்குப் பின்னால் ஒரு படி இருந்திருக்கலாம் என்று வாதிடுவோர், பூவுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் பூ இருந்திருக்கலாம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

நெறியாளர் தம் தரப்புக்கு மூன்று ஆதாரங்கள் காட்டினார். முதலாவது, அவருடைய நினைவு. (நேர்காணல், சமையலறை, குக்கரின் இரண்டாம் விசிலுக்கும் மூன்றாம் விசிலுக்கும் இடையே.) இரண்டாவது, எதிர்வீட்டு மாமியின் சாட்சியம்: “உங்காத்துல அஞ்சு படின்னா வெப்பேள்.” (வாய்மொழி, காய்கறி வண்டி அருகே, மறுபதிப்பு, மாடிப்படி, சுருக்கப் பதிப்பு, மாமியின் மருமகள் எதிரே வந்தபோது.) மூன்றாவது, என் மாமியார் ஆற்றிய தொலைபேசிப் பேருரை. (42 நிமிடம். இதில் முழங்கால் வலி 38 நிமிடம், கட்டில் நான்கு நிமிடம். ஒப்புநோக்குக: அதே பேருரை, சென்ற ஆண்டு, சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டு, அவற்றில் முழங்காலின் பக்கம் மட்டும் வேறுபடுகிறது.) கட்டிலில் எத்தனை பலகை என்று நான் நேரடியாகக் கேட்டதற்கு, “எங்கம்மா அதுலதான் படுத்திருந்தா, மாப்பிள்ளை” என்று பதில் வந்தது. இது பலகை எண்ணிக்கைக்குச் சான்றாகாது என்று தள்ளினேன். பின்னணியில் அழுகைச் சத்தம் கேட்டதையும் தள்ளினேன்.

இயல் 3: தரை ஒரு படியா?

இங்கேதான் சிக்கல் எழுகிறது. கொலுப்படி ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும்: மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது. நான்கு ஆகாது. ஒன்றைக் குறைத்து மூன்றாக்கலாம். ஆனால் எங்களிடம் பண்ருட்டி காகிதக்கூழ் பொம்மைகள், மதுரைப் பக்கத்து விளாச்சேரியின் மண் பொம்மைகள், வடக்கு மாட வீதி நடைபாதையில் ஆண்டுக்கொன்றாகச் சேர்ந்த பத்து அவதாரங்கள், செட்டியார் தம்பதி, கல்யாணத்துக்கு வந்த செம்மர மரப்பாச்சிகள் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. மூன்று படியில் ஏற்றினால் வராகமும் வாமனனும் தோளோடு தோள் இடித்துக்கொள்வார்கள்.

ஆகவே தரையையும் ஒரு படியாக எண்ணலாம் என்று முன்மொழிந்தேன்.

இதற்கு நான் காட்டும் ஆதாரம் தொல்காப்பியம். சிரிக்க வேண்டாம். மரபியலில் உயிர்கள் அறிவின்படி ஆறாக வகுக்கப்படுகின்றன: புல்லும் மரமும் ஓரறிவு, நத்தை வகை ஈரறிவு, கறையானும் எறும்பும் மூவறிவு, நண்டும் தும்பியும் நாலறிவு, விலங்கும் பறவையும் ஐயறிவு, மக்கள் ஆறறிவு. கொலுவிலும் கீழ்ப்படியில் எளிய உயிர்கள், அதற்கு மேல் மனிதர், அதற்கும் மேல் மகான்கள், உச்சியில் தெய்வம் என்று அடுக்குவதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் கொலுவில் ஓரறிவுயிர் எங்கே இருக்கிறது? தரையில். படிக்கு முன்னால் மண் கொட்டி, நெறியாளர் கடுகும் கேழ்வரகும் தூவித் தண்ணீர் தெளித்து, மூன்றாம் நாளே பச்சை பிடித்த பார்க்கில். கண்ணாடித் துண்டுதான் அங்கே குளம். குளத்தங்கரையில் பேருந்தைவிடப் பெரிய புலி. முளைத்த கடுகு ஓரறிவுயிர் என்றால், அது நிற்கும் தரை முதற்படி. தரை ஒன்று, பலகை நான்கு, ஆக ஐந்து. தொல்காப்பியர் வில்லிவாக்கத்துக்கு வந்திருந்தால் இப்படித்தான் எண்ணியிருப்பார்.

நச்சினார்க்கினியர் பாட்டின் ஒரு மூலையில் கிடக்கும் சொல்லை எடுத்து இன்னொரு மூலையில் பொருத்திப் பொருள் சொல்வார் என்று அவர்மீது ஒரு பழி உண்டு. நான் கடுகை எடுத்துத் தொல்காப்பியத்தில் பொருத்தினேன். தூரம் சற்று அதிகம், முறை ஒன்றே.

நெறியாளர் இடுப்பில் செருகிய முந்தானையோடு முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னது: “தரை படின்னா, அதுல உட்காந்து சுண்டல் தின்ற நீங்களும் பொம்மைதான்.”

இந்த மறுப்பை எதிர்கொள்ள மூன்று நாள் முயன்றேன். தரையில் உட்காருவோரைக் கொலுவின் உறுப்பாகக் கொண்டால், என்னை எத்தனை அறிவுயிராக வைப்பது என்று அவர் கேட்ட துணைக்கேள்வியும் நிலுவையில் உள்ளது. எதிரான சான்றை அடிக்குறிப்பில் புதைப்பதே ஆய்வு நெறி. இக்கட்டுரையில் அடிக்குறிப்பு இல்லாததால் இங்கேயே எழுத நேர்ந்தது.

சிக்கலை அவிழ்த்தவரும் நெறியாளரே. நான் பிழைப்புக்கு முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். பட்டம் வாங்கியவர்கள் நன்றியோடு ஆளுக்கொரு படி கொடுத்துவிட்டுப் போவார்கள். அரக்கு நிற அட்டை, பொன்னெழுத்து, மூன்று விரல் கனம். அலமாரியில் இருந்த அத்தனையையும் இறக்கி, நான்காம் பலகைக்குப் பின்னால் இரும்பு மேசைமேல் சுவர்போல அடுக்கி, அதன்மேல் வேட்டியை இழுத்துவிட்டார். கலசம் உச்சியில் ஏறியது. ஐந்தாம் படி தயார். இத்தனை ஆண்டுகளில் அந்த ஆய்வேடுகள் எதையாவது தாங்கி நின்றது அதுவே முதல் முறை. ஒன்பது நாளும் அசையவில்லை. ஆசிரியர்களுக்கு இதைத் தெரிவித்தால் தன்விவரக் குறிப்பில் சேர்த்துக்கொள்வார்கள் என்பதால் தெரிவிக்கவில்லை.

இயல் 4: ரவிக்கைத் துணி

வந்தது, போயிற்று.

இயல் 5: விருந்தோம்பல்

கொலுவுக்கு வருகிறவர்களுக்குப் பெரிய விருந்து இல்லை. ஒரு பாட்டு, ஒரு பொட்டலம் சுண்டல், வெற்றிலை பாக்கு மஞ்சள் குங்குமம், வாசலில் அரைமணி நேரப் பேச்சு. இந்த வாசல் பேச்சுத்தான் மைய நிகழ்வு. கூடத்தில் நடந்தது முன்னுரை. ஆய்வுக் காலத்தில் வந்தவர்கள் அனைவரும் என் செருப்பு ஸ்டாண்டில் செருப்பை அடுக்கிவிட்டே உள்ளே வந்தார்கள். அது ஆடவில்லை என்று இருவர் தாமாகவே சொன்னார்கள்.

ஐந்தாம் நாள் எதிர்வீட்டு மாமியின் பெண் சிங்கப்பூரிலிருந்து வாட்சப் வீடியோவில் வந்து நான்கு நிமிடம் கொலு பார்த்தாள். அன்று முதல் எங்களுடையது பன்னாட்டுக் கொலு. நம் கல்லூரிகளில் பன்னாட்டுக் கருத்தரங்கம் நடத்துவோர் இந்த அளவுகோலை மறுக்க மாட்டார்கள். சான்றிதழ் கேட்டிருந்தால் அவளுக்கும் கொடுத்திருப்போம்.

சுண்டலில் என் பங்கு இரவில் ஊறப்போடுவது. கொண்டைக்கடலைக்கு எட்டு மணி நேரமாவது வேண்டும். ஆறாம் நாள் இது தவறியதற்குக் காரணம் என் மறதி என்று சொல்லப்படுகிறது. உண்மையில் அது பாடபேதம். மூலச்சுவடி (நெறியாளர் கையெழுத்து, சமையல் கேஸ் ரசீதின் பின்புறம், ஃபிரிட்ஜ் கதவு, மாம்பழ வடிவக் காந்தத்துக்குக் கீழே; நல்லெண்ணெய்க் கறையால் நடுப்பகுதி சிதைவு; காந்தத்தை நகர்த்தியதால் மேல்மூலை கிழிசல்; மறுபக்கத்தில் தொடர்பற்ற வேறொரு நூல், அதாவது சிலிண்டர் விலை) இப்படி இருந்தது: “கடலை ஊற… மற…ங்க.” இதை நான் “கடலை ஊறட்டும், மறந்திடுங்க” என்று நிரப்பிப் படித்தேன். சிதைந்த இடத்தில் தனக்கு வசதியான எழுத்தை இட்டு நிரப்புவது உரையாசிரியர்களின் பழைய உரிமை. மூல ஆசிரியர் உயிரோடு இருந்து, கரண்டியோடு வந்து நிற்பது அபூர்வம். அன்று அரைமணி ஊறினால் போதும் என்பதால் பாசிப்பருப்புச் சுண்டல். ‘வித்தியாசமா இருக்கே’ என்று வந்தவர்கள் பாராட்டினார்கள். நெறியாளர் என்னைப் பார்க்கவில்லை. திருக்குறளின் கடைசி அதிகாரத்துக்கு ஊடலுவகை என்று பெயர். உவகை மறுநாள் காலைக் காபியோடுதான் வந்தது, சர்க்கரை குறைவாக.

முடிவுகள்

விஜயதசமி இரவு மரப்பாச்சியைப் படுக்க வைத்தோம். மறுநாள் பொம்மைகளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி அட்டைப்பெட்டிக்குள் இறக்கினோம். ஆய்வேடுகள் அலமாரிக்குத் திரும்பின. தரை படியா என்பது திறந்த கேள்வியாகவே இருக்கிறது. ஐந்தாம் பலகை இடைச்செருகல் என்ற முடிவு மட்டும் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டதாகக் கருதி, இக்கட்டுரையைத் தை பிறக்கும்வரை மெய்ப்புப் பார்த்து வைத்திருந்தேன்.

போகியன்று நெறியாளர் வாசலைக் கழுவச் செருப்பு ஸ்டாண்டைக் கவிழ்த்தார். மேல்தட்டின் அடிப்புறத்தில் நீல பெயின்டில் 5 என்று இருந்தது. கையெழுத்து அவருடையது. ஆணி என்னுடையது; ரம்பமும்.